நாற்காலிக் குதிரையும் வயலின் குதிரையும்

ஐந்து நிமிடம்கூட நீடிக்காத ஒரு இசையைப் பற்றியது இந்த உரை. நார்வே நாட்டு இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீக் 1875-ல் முடித்துக் கொடுத்த நாடக இசையின் ஒரு பகுதி அது. வயலின், வியோலா, செலோ, டபுள் பாஸ் என்று வில் போட்டு வாசிக்கும் வாத்தியங்கள் மட்டுமே அதில் உண்டு. பெயர், ‘ஓஸேயின் மரணம்’.

இசைக்கு முன்னால் அந்த அறைக்குள் போய்விட்டு வர வேண்டும்.

பண்ணை வீடு ஒன்றில் ஓர் அறை. மாலை நேரம். அடுப்பில் விறகு எரிகிறது. கட்டிலில் கிழவி ஒருத்தி படுத்திருக்கிறாள். அவள் கைகள் ஓரிடத்தில் நிற்காமல் போர்வையைத் துழாவுகின்றன. சாவு வீட்டில் இரவு முழுக்க உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தத் துழாவலின் பொருள் தெரியும். கட்டிலின் கால்மாட்டில் ஒரு நாற்காலி. அதன் மேல் ஒரு பூனை. வீட்டில் வேறு சாமான் அதிகம் இல்லை. அமீனா வந்து ஜப்தி செய்துவிட்டுப் போன வீடு அது. மகன் ஒரு கல்யாண வீட்டிலிருந்து மணப்பெண்ணைத் தூக்கிக்கொண்டு மலையேறிவிட்டான். அதற்கு ஈடாகத் தாயின் உடைமைகள் பறிபோயின. கட்டிலை மட்டும் அவள் காலம் உள்ளவரை விட்டு வைத்திருக்கிறார்கள்.

ஊர் விலக்கம் செய்யப்பட்ட அந்த மகன், யார் கண்ணிலும் படாமல் உள்ளே வருகிறான். தாய்க்கு நேரம் வந்துவிட்டது என்று பார்த்தவுடன் புரிகிறது. அவன் அழவில்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. பூனை படுத்திருக்கும் நாற்காலியின் முதுகில் ஒரு கயிற்றைக் கட்டுகிறான். கையில் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் உட்கார்கிறான். நாற்காலிதான் குதிரை. அதன் பெயர் கிரானே. கட்டில்தான் பனிச்சறுக்கு வண்டி. சோரியா மோரியா என்ற மாயக் கோட்டையில் ராஜா விருந்து வைக்கிறார், நம்மையும் கூப்பிட்டிருக்கிறார், கிளம்பலாம் அம்மா என்கிறான். குச்சி சுழல்கிறது, வண்டி புறப்படுகிறது.

ஹென்ரிக் இப்சன் எழுதிய ‘பேர் யின்ட்’ நாடகத்தில் மூன்றாம் அங்கத்தின் கடைசிக் காட்சி இது. சாகிறவளின் புலன்கள் ஒவ்வொன்றாகத் தடுமாறுவதை இப்சன் அணு அணுவாகக் கவனித்து எழுதியிருக்கிறார். எங்கோ மணி அடிக்கிறதே என்கிறாள் தாய். குதிரையின் கழுத்தில் கட்டிய வெள்ளி மணி என்கிறான் மகன். ஏதோ இரைகிறதே என்கிறாள். பைன் மரங்களில் காற்று என்கிறான். தூரத்தில் ஏதோ மினுங்குகிறதே என்கிறாள். கோட்டையின் சன்னல் வெளிச்சம் என்கிறான். மரணத்தின் ஒவ்வொரு அறிகுறியும் அவன் வாயில் ஒரு கதையாக மாறுகிறது. முடிவில் வண்டி சொர்க்க வாசலுக்கே போய்ச் சேர்கிறது. காவலுக்கு நிற்கும் புனித பீட்டர் அவளை உள்ளே விட யோசிக்க, கடவுளே வந்து அவளை வரவேற்கச் சொல்கிறார். சொல்லிக்கொண்டே மகன் திரும்பிப் பார்க்கிறான். தாயின் கண்கள் நிலைகுத்தி நிற்கின்றன.

கண்களை மூடிவிடுகிறான். வாங்கிய அடிகளுக்கும் கேட்ட தாலாட்டுகளுக்கும் சேர்த்து நன்றி சொல்கிறான். பிறகு தன் கன்னத்தை அவள் உதட்டில் ஒற்றிக்கொள்கிறான். வண்டி ஓட்டி வந்ததற்கு அவள் தரும் கூலி அது.

இந்த நாடகத்தின் தொடக்கத்தை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால் இந்தக் காட்சியின் ஆழம் கூடும். திரை விலகியதும் ஓஸே மகனைப் பார்த்து, நீ பொய் சொல்கிறாய் என்று சாடுகிறாள். கலைமான் முதுகில் ஏறி மலை முகட்டில் பறந்ததாக அவன் அளந்துவிட்ட கதைக்குக் கிடைத்த ஏச்சு அது. ஆனால் அந்தப் பொய்யை அவனுக்குப் பழக்கியவளும் அவளே. கணவன் யோன் யின்ட் குடித்தும் கொடுத்தும் சொத்தைக் கரைத்தான். வாழ்ந்து கெட்ட அந்த வீட்டில் தாயும் பிள்ளையும் தனியே உட்கார்ந்து, துயரத்தை மறக்க ராஜகுமாரன் கதையும் பூதக் கதையும் பேசிக்கொண்டிருந்தார்கள். இதை ஓஸே தன் வாயாலேயே சொல்கிறாள். ஜப்தியான வீட்டில் மிச்சம் மீதியைக் குடையும்போது ஒரு பழைய வார்ப்புக் கரண்டி அவள் கையில் அகப்படுகிறது. சின்ன வயதில் மகன் பொத்தான் வார்க்கிறேன் என்று சொல்லி விளையாடிய கரண்டி. நாற்காலியைக் குதிரையாக்கும் ஆட்டமும் அந்த நாட்களில் இருவரும் சேர்ந்து ஆடியதுதான். தாய் கொடுத்ததைத்தான் மகன் கடைசியில் தாய்க்கே திருப்பித் தருகிறான்.

இப்சனுக்கு இந்தத் தாய் அன்னியமானவள் அல்ல. தேவையான அளவு மிகைப்படுத்தித் தன் சொந்தத் தாயையே ஓஸேக்கு மாதிரியாக எடுத்துக்கொண்டதாக அவர் 1870-ல் ஒரு கடிதத்தில் எழுதினார். ஷீன் என்ற ஊரில் வசதியாக இருந்த வணிகக் குடும்பம் அவருடையது. அவர் சிறுவனாக இருந்தபோதே தந்தையின் தொழில் நொடித்தது. 15 வயதில் வீட்டை விட்டு வேலைக்குப் போனவர், 1850-க்குப் பிறகு பெற்றோரைப் பார்க்கவே இல்லை. ‘பேர் யின்ட்’ 1867-ல் இத்தாலியில் எழுதப்பட்டு அதே ஆண்டு நூலாக வந்தது. தாய் மாரிகென் 1869-ல் இறந்தார். மகன் அருகில் இல்லை. தாயின் கட்டிலருகே போகாதவரின் பேனாதான், எல்லாக் குற்றமும் செய்த ஒரு மகனை அந்த இரவில் சரியான நேரத்துக்கு வீடு கொண்டுவந்து சேர்த்தது.

முதலில் இது மேடைக்கென்று எழுதப்பட்ட நாடகமே அல்ல, படிப்பதற்கான கவிதை நாடகம். மேடையேற்றும் எண்ணம் சில ஆண்டுகள் கழித்துத்தான் இப்சனுக்கு வந்தது. 1874 ஜனவரியில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலிருந்து கிரீக்குக்கு ஒரு கடிதம் எழுதினார். எந்த அங்கத்தில் எங்கெங்கே இசை வேண்டும், எதைச் சுருக்கலாம் என்று அதில் விளக்கினார். நாடக அரங்கிடம் 400 ஸ்பெசிடாலர் கேட்கலாம், இருவரும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ளலாம் என்ற யோசனையும் அதில் இருந்தது.

கிரீக்குக்கு அப்போது 30 வயது. பெர்கன் நகரில் 1843-ல் பிறந்தவர். தாய் கெசீனே நல்ல பியானோ கலைஞர், மகனுக்கு முதல் ஆசிரியரும் அவரே. 15 வயதில் லைப்ஸிக் இசைப் பள்ளிக்கு அனுப்பப்பட்ட மகன், அங்கே வந்த கடும் நோயில் ஒரு நுரையீரலின் பலனை இழந்தார். மிச்ச வாழ்க்கை முழுவதும் அரை மூச்சில்தான் கழிந்தது. 1874-ல் அவருடைய பியானோ கான்செர்டோ ஏற்கெனவே பெயர் வாங்கியிருந்தது. இப்சனின் அழைப்பை ஏற்றபோது சில துண்டு இசைகள் போதும் என்று நினைத்தார். வேலை வளர்ந்துகொண்டே போனது. இசைக்கு இதைவிட இடக்கான கதை இருக்க முடியாது என்று நண்பருக்கு எழுதி அலுத்துக்கொண்டார். 1875 கோடையில் முடித்தபோது 26 பகுதிகள் சேர்ந்திருந்தன.

1876 பிப்ரவரி 24 அன்று கிறிஸ்தியானியா நகரின் நாடக அரங்கில் ‘பேர் யின்ட்’ அரங்கேறியது. இன்று அந்த நகருக்குப் பெயர் ஓஸ்லோ. யோஹான் ஹென்னும் இசைக்குழுவை நடத்தினார். எந்த இடத்தை எப்படி வாசிக்க வேண்டும் என்று அதற்கு முந்தைய டிசம்பரிலேயே கிரீக் அவருக்கு நீண்ட கடிதம் ஒன்றை அனுப்பியிருந்தார்.

அந்தக் காலத்து ஐரோப்பாவில் சாவுக்கென்று ஒரு இசை மரபு இருந்தது. இறுதி ஊர்வல மார்ச் என்று அதற்குப் பெயர். இழுத்து நடக்கும் தாளம், உறுமும் பித்தளை வாத்தியங்கள், ஆழத்தில் அதிரும் பெருமுரசு. பீத்தோவனின் மூன்றாவது சிம்பனியின் இரண்டாம் பகுதி அப்படிப்பட்டது. ஷோப்பான் பியானோவுக்கு எழுதிய மார்ச் இன்றும் அரசு மரியாதை ஊர்வலங்களில் ஒலிக்கிறது. கிரீக்குக்கும் அந்தக் கை உண்டு. நார்வேயின் தேசிய கீதத்துக்கு மெட்டமைத்த நண்பர் ரிக்கார்ட் நூர்ட்ரோக் 1866-ல் 23 வயதில் இறந்தபோது, செய்தி கேட்ட கையோடு அவர் எழுதியது ஓர் இறுதி ஊர்வல மார்ச்தான்.

‘பேர் யின்ட்’ அரங்கேறிய அதே 1876-ல், ஆகஸ்ட் மாதம், பைராய்ட் நகரில் வாக்னரின் ‘நீபெலுங் மோதிரம்’ முதல் முறையாக முழுமையாக மேடையேறியது. அதில் வீரன் சீக்ஃபிரீட் இறந்ததும் எழும் இசை பித்தளையும் முரசுமாக அரங்கையே உலுக்கிவிடும். அதைக் கேட்டவர்களில் கிரீக்கும் ஒருவர். பெர்கன் பத்திரிகை ஒன்றுக்காக அங்கே போய் எழுதினார்.

ஒரே ஆண்டில் இரண்டு மரணங்கள். ஒன்று உலகைக் காக்கப் பிறந்த மாவீரனுடையது. மற்றது, ஜப்தியான வீட்டில் ஒரு ஏழைக் கிழவியுடையது. கிழவியின் சாவுக்கு ஊர்வலம் எங்கிருந்து வரும்? கிரீக் முரசைத் தொடவில்லை. பித்தளையையும் மரக்குழல்களையும் ஒதுக்கினார். தந்தி வாத்தியங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றின் வாயையும் பாதி பொத்தினார்.

அந்தப் பொத்துதலை அருகில் நின்று பார்க்க வேண்டும். வயலினில் நான்கு தந்திகளைத் தாங்கி நிற்கும் மெல்லிய மரத் தகடு ஒன்று உண்டு. நம் வாத்தியக்காரர்கள் அதைக் குதிரை என்கிறார்கள். வில் தந்தியை உரசும்போது எழும் அதிர்வு குதிரையின் கால்கள் வழியாகத்தான் வயிற்றுப் பலகைக்கு இறங்குகிறது. பலகை அதிர்ந்தால்தான் காதுக்குப் போதுமான ஒலி. ம்யூட் என்பது சீப்பின் பல் போலப் பிளவுபட்ட ஒரு சின்னத் துண்டு. கலைஞர் அதை எடுத்துக் குதிரையின் தலையில் செருகுகிறார். குதிரைக்குப் பாரம் கூடுகிறது, அதன் துள்ளல் குறைகிறது. ஒலியின் மேற்பரப்பில் இருக்கும் பளபளப்பான நுண்ணதிர்வுகள் பலகைக்குப் போய்ச் சேராமல் வழியிலேயே தங்கிவிடுகின்றன. சுருதி மாறுவதில்லை, சுரமும் மாறுவதில்லை. ஒலியின் நிறம் மட்டும் மங்குகிறது. பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு யாரோ வாசிப்பதுபோல் இருக்கும். ‘ஓஸேயின் மரணம்’ முதல் சுரத்திலிருந்து கடைசிச் சுரம்வரை ம்யூட் போட்டே வாசிக்கப்படுகிறது. இசை எவ்வளவு உரக்கப் போனாலும் அந்தக் கதவு திறப்பதில்லை.

மேடையில் மகன் நாற்காலிக் குதிரையைத் தட்டி விரட்டுகிறான். கீழே இசைக்குழுவில் ஒவ்வொரு வயலின் குதிரையும் அடக்கப்பட்டிருக்கிறது.

இசையின் அமைப்பு வியக்கும் அளவுக்கு எளிமையானது. பி மைனரில் அமைந்தது. நம் காதுக்கு நடபைரவியின் நிழலும் கீரவாணியின் நிழலும் மாறி மாறி விழுவதுபோல் தோன்றலாம். ஆனால் இங்கே உணர்ச்சியைச் சுமப்பது ஒரு தனி மெட்டு அல்ல, ஒன்றாக அசையும் பல குரல்கள். எல்லா வாத்தியங்களும் தேவாலயப் பாடகர் குழுபோல ஒரே அடிவைப்பில் நகர்கின்றன. நொடிக்கு ஓர் அடிகூட வராத வேகம். முதலில் ஒரு சொற்றொடர் மெல்ல எழுகிறது. அதே சொற்றொடர் கொஞ்சம் உயரத்தில் மறுபடி வருகிறது. பிறகு இன்னும் உயரத்தில், இன்னும் உரக்க. தாளம் மாறவில்லை, புதிய கருத்தும் வரவில்லை, படி மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. உச்சியில் எல்லா வில்களும் முழு அழுத்தத்தோடு இழுக்கின்றன. அந்த இடத்தில் கேட்பவர்களுக்கு நெஞ்சு விம்மும். ம்யூட் போட்ட வாத்தியத்தை இவ்வளவு அழுத்தி வாசித்தால் எழும் ஒலிக்கு ஒரு தனித்தன்மை உண்டு. தலையணையில் முகம் புதைத்து அழுகிறவரின் குரல் அப்படித்தான் வரும்.

அதோடு ஏற்றம் முடிந்தது. இரண்டாம் பாதி முழுவதும் இறக்கம். சொற்றொடர்கள் இப்போது மேலிருந்து அரைச் சுரம் அரைச் சுரமாகச் சரிகின்றன. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மெலிந்து, கொஞ்சம் தாழ்ந்து வருகின்றன. கடைசியில் ஒலி நின்றதா, காதுதான் பிடிக்கத் தவறியதா என்று சொல்ல முடியாத அளவுக்குத் தேய்கின்றன.

இந்த வேலையை வில்லால்தான் செய்ய முடியும். பியானோவில் கட்டையைத் தட்டிய கணத்திலிருந்து ஒலி செத்துக்கொண்டே போகும். தட்டிய பிறகு அதை வளர்க்க வழியே இல்லை. குழல் வாசிப்பவர் மூச்சுக்கு நிறுத்தியாக வேண்டும். வில் போட்ட தந்தியில் மட்டும் ஒரே சுரத்தைப் பிடித்தபடி அதைப் பெருக்கலாம், குறைக்கலாம், இல்லாமலே ஆக்கலாம். இந்த இசையைப் பியானோவுக்கும் கிரீக்கே எழுதிக் கொடுத்தார். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் உச்சியில் அந்த ஒலி விம்முவதைப் பியானோவால் தர முடிவதில்லை.

நாடகத்தில் இந்த இசை இரண்டு முறை வருகிறது. முதலில் மூன்றாம் அங்கத்தின் முன்னிசையாக, திரை எழுவதற்கு முன்னால். அப்போது பார்வையாளர்களுக்கு யாருக்காக இந்தத் துக்கம் என்று தெரியாது. திரை எழுந்ததும் காடு, பனி, மரம் வெட்டும் நாயகன். வீட்டையும் உறவையும் விட்டுவிட்டுப் பனிச்சறுக்குப் பலகையில் அவனைத் தேடி வரும் சோல்வெய்க். துக்க இசை மறந்துகூடப் போயிருக்கும். பிறகு அங்கத்தின் கடைசிக் காட்சியில், மகன் கதை சொல்லத் தொடங்கும்போது, வசனத்துக்கு அடியில் அதே இசை மிக மெல்லியதாக மறுபடி எழுகிறது. இப்போது எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது.

கிரீக்கின் மேதைமை இங்கேதான் முழுமையாக வெளிப்படுகிறது. மகன் சொல்லும் கதையைப் பாருங்கள். ஓடும் குதிரை, வெள்ளி மணி, ராஜ விருந்து, சன்னல் வெளிச்சம். இசையமைப்பாளர் ஒருவருக்கு இதைவிட நல்ல தீனி கிடைக்காது. குளம்பொலிக்கு ஒரு தாளம், மணிக்கு ஒரு கிணுகிணுப்பு, சொர்க்கத்துக்கு ஒரு ஹார்ப் என்று அள்ளித் தெளித்திருக்கலாம். அப்படிச் சித்திரம் தீட்டத் தெரியாதவர் அல்ல அவர். இதே நாடகத்தில் பூதராஜனின் மாளிகைக்கு எழுதிய இசையில் பூதங்கள் துரத்தி வருவதைக் காதால் பார்க்கலாம். இங்கே மட்டும், மகன் பேசும் எதையும் இசை காது கொடுத்துக் கேட்கவில்லை. நாக்கு பொய் சொல்லிக்கொண்டே போகிறது. தந்திகள் உண்மையைச் சொல்லிக்கொண்டே வருகின்றன. தாய்க்குக் கதை, மகனுக்குக் குச்சி, அவன் அழாமல் அடக்கிய அழுகை மொத்தமும் வில்களுக்கு. இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போதுதான் அந்தப் பொய் எவ்வளவு பெரிய அன்பு என்று பார்ப்பவருக்குப் புரிகிறது.

இவ்வளவு சோகமான இசை சொந்தத் துக்கத்திலிருந்துதான் வந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றும். காலக் கணக்கு அப்படிச் சொல்லவில்லை. கிரீக் இந்த இசையை முடித்தது 1875 கோடையில். அந்தச் செப்டம்பரில் அவர் தந்தை இறந்தார், அக்டோபரில் தாய் கெசீனேயும் போய்விட்டார். முதலில் மேடைத் தாய் இறந்தாள், பிறகுதான் பெற்ற தாய். அந்தத் துக்கம் ஜி மைனரில் ஒரு பியானோ பல்லடாக வந்தது. அதைப் பொது மேடையில் வாசிக்க அவருக்கு மனம் வரவே இல்லை. ஆனால் மரணம் அவருக்கு அதற்கு முன்பே தெரிந்ததுதான். அவருக்கும் மனைவி நீனாவுக்கும் பிறந்த ஒரே குழந்தை அலெக்சாண்ட்ரா, 1869-ல் 13 மாதக் குழந்தையாக மூளைக்காய்ச்சலில் இறந்தாள். இந்த இழப்பு எந்தச் சுரத்துக்குள் போய்ப் படிந்தது என்று யாரும் கோடு கிழித்துக் காட்ட முடியாது. தெரிவது ஒன்று: 30 வயதைத் தாண்டியவுடனே, கட்டிலருகே எப்படி அமைதியாக உட்காருவது என்பது அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது.

1888-ல் கிரீக் நாடக இசையிலிருந்து நான்கு பகுதிகளை எடுத்துக் கச்சேரிக்கென்று ஒரு தொகுப்பு செய்தார். ஓபஸ் 46 என்ற எண் பெற்ற அந்த முதல் தொகுப்புதான் அவர் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அதில் கதையின் வரிசை கிடையாது. முதலில் வரும் ‘காலைப் பொழுது’ நான்காம் அங்கத்தைச் சேர்ந்தது. நார்வேயின் கடற்கழியில் விடியும் காலை என்று பலர் நினைக்கும் அந்த இசை, நாடகத்தில் மொராக்கோ மண்ணில் விடியும் காலை. அதற்கு அடுத்து ஓஸே இறக்கிறாள். பிறகு அனித்ராவின் நடனம். கடைசியில், இரண்டாம் அங்கத்துப் பூதராஜனின் மாளிகை. முழு நாடக இசையின் சுரப்பதிப்பு 1908-ல்தான், கிரீக் இறந்த அடுத்த ஆண்டு அச்சாகி வெளிவந்தது. அதனால் இருபது ஆண்டுகள் உலகம் இந்த இசையை நாற்காலியும் பூனையும் இல்லாமல், கதை சொல்லும் குரல் இல்லாமல் கேட்டது. பொய்யை எடுத்துவிட்டார்கள், உண்மை மட்டும் தனியே நின்றது. அப்படியும் அது விழாமல் நின்றதுதான் அதன் உறுதிக்குச் சான்று.

மௌனப் படக் காலத்தில் திரைக்குக் கீழே உட்கார்ந்து வாசித்தவர்களுக்கு, சாவுக் காட்சி வந்தால் கை தானாகப் போகும் ஏடுகளில் ‘ஓஸேயின் மரணம்’ ஒன்று. பிறகு 1973-ல் ‘சாய்லன்ட் கிரீன்’ என்ற அமெரிக்கப் படம் வந்தது. காடும் கடலும் செத்துப்போன 2022-ஆம் ஆண்டில் நடக்கும் கதை. அதில் ஒரு முதியவர் தன் சாவைத் தானே தேர்ந்துகொண்டு ஒரு நிலையத்துக்குப் போகிறார். கட்டிலில் படுக்க வைத்து, மறைந்துபோன உலகின் பூக்களையும் மான்களையும் கடலையும் பெரிய திரையில் அவருக்குக் காட்டுகிறார்கள். பின்னணியில் சைகாவ்ஸ்கி, பீத்தோவன், பிறகு கிரீக். ‘காலைப் பொழுது’ ஒலிக்கிறது, ‘ஓஸேயின் மரணம்’ ஒலிக்கிறது. சாகிறவரின் கண்ணுக்கு முன்னால் அழகான ஒரு பயணம், காதில் அதே தந்திகள். கட்டிலும் கதையும் நூறு ஆண்டு கழித்து வேறு உருவில் அந்த இசையிடம் திரும்பி வந்துவிட்டன. முதியவராக நடித்தவர் எட்வர்ட் ஜி. ராபின்சன். அதுவே அவருடைய கடைசிப் படம். அது திரைக்கு வருமுன்பே, அந்த ஆண்டு ஜனவரியில், அவர் காலமானார்.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வில் வாத்தியங்களுக்கென்றே சோக இசை எழுதியவர்கள் வேறு சிலரும் உண்டு. சைகாவ்ஸ்கி 1880-ல் எழுதிய ‘செரினேட்’டின் மூன்றாம் பகுதிக்கு எலிஜி, அதாவது இரங்கல், என்று பெயர், மேஜர் சுரங்களில் நின்றுகொண்டே அது மனதைக் கலங்கடிக்கும். புச்சினி 1890-ல் இத்தாலிய இளவரசர் அமடேயோ இறந்த செய்தி கேட்டு, ஒரே இரவில் நால்வர் குழுவுக்கு எழுதியது ‘செவ்வந்திப் பூக்கள்’. இன்று அதைப் பெரிய தந்திக் குழுவும் வாசிக்கிறது.

கிரீக்கிடமே இன்னொன்று இருக்கிறது. விவசாயக் குடும்பத்தில் பிறந்து நார்வே கிராமப்புற மொழியில் எழுதிய கவிஞர் ஓஸ்முண்ட் வின்யே 1870-ல் இறந்தார். இன்னொரு வசந்தத்தைக் காணக் கிடைக்காது என்று தெரிந்த ஒருவன், பனி உருகுவதையும் பூ விரிவதையும் நன்றியோடு பார்க்கும் கவிதை ஒன்று அவருடையது. பெயர் ‘வசந்தம்’. கிரீக் 1880-ல் அதைப் பாட்டாக அமைத்தார். பிறகு குரலை எடுத்துவிட்டுத் தந்தி வாத்தியங்களுக்கு மாற்றியபோது தலைப்பை ‘கடைசி வசந்தம்’ என்று ஆக்கினார். சொற்கள் போய்விட்ட இடத்தில் அந்த ஒரு சொல்லாவது கேட்பவர் கையில் இருக்கட்டும் என்பதுபோல.

1907 செப்டம்பர் 4 அன்று கிரீக் பெர்கனில் இறந்தார். வாழ்நாள் முழுதும் அரை மூச்சோடு போராடிய உடல் அது. ஐந்து நாள் கழித்து நடந்த இறுதிச் சடங்கில் பல்லாயிரம் பேர் தெருவில் திரண்டார்கள். வயலின் கலைஞரும் இசை நடத்துநருமான யோஹான் ஹால்வோர்சன், கிரீக்கின் அண்ணன் மகளை மணந்தவர், இசைக்குழுவை நடத்தினார். 23 வயதில் இறந்த நண்பனுக்காகக் கிரீக் எழுதிய ஊர்வல மார்ச் ஒலித்தது. வின்யேயின் ‘வசந்தம்’ தந்திகளில் ஒலித்தது. மறு ஆண்டு வசந்த காலத்தில், அவர் வாழ்ந்த துரோல்ஹௌகன் வீட்டுக்குக் கீழே, ஏரியைப் பார்த்தபடி இருக்கும் பாறைச் சுவரில் அவர் அஸ்தி வைக்கப்பட்டது. கல்லில் பெயர் மட்டும் பொறித்திருக்கிறது.

உரை இதோடு முடிகிறது, இனி இசைத்தட்டு சுழலட்டும். கேட்கும்போது முதல் பாதியில் அந்தச் சொற்றொடர் எத்தனை முறை படியேறுகிறது என்று எண்ணிக்கொண்டு வாருங்கள். உச்சியில், ம்யூட்டுக்கு அடியில் வில்கள் முட்டி மோதும் அந்த ஒரு கணத்தைத் தவற விடாதீர்கள். சரிவு தொடங்கியதும், இசைக்குழுவை மறந்துவிட்டு அந்த அறைக்குப் போங்கள். அடுப்பு எரிகிறது. பூனை நாற்காலியில் படுத்திருக்கிறது. மகன் தாய்க்கு முதுகைக் காட்டியபடி, குச்சியைச் சுழற்றிக்கொண்டு, கோட்டை வாசல் நெருங்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். அவன் இன்னும் திரும்பிப் பார்க்கவில்லை.